செந்தூல் மண்டபத்துக் கணினிகளுக்கு எந்தத் தேடுபொறி? பெயரை மறைத்து ஒப்பிடுகிறோம், வந்து குறை சொல்லுங்கள்

செந்தூல்_சரவணா | கோலாலம்பூர் | திங்கள், காலை 9.14

எங்கள் வட்டாரத்து மண்டபத்தில் பொதுப் பயன்பாட்டுக்குக் கணினிகள் போட்டிருக்கிறோம். காலையில் பென்ஷன்காரர்கள் வருவார்கள், பள்ளி விட்டதும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். உலாவியைத் திறந்ததும் எந்தத் தேடுபொறி நிற்கவேண்டும் என்று போன செயற்குழுக் கூட்டத்தில் பேச்சு எழுந்து, டீ ஆறியும் ஓயவில்லை. "கூகுள்தான், இதுக்கு ஒரு தீர்மானமா?" என்றது ஒரு கட்சி. பிள்ளைகள் தேடுவதைச் சேர்த்து வைக்காத டக்டக்கோ போடலாம் என்றது இன்னொன்று. செயலாளருக்கு பிங். அது வின்டோசோடு வந்துவிடுகிறது, மாற்றுகிற வேலை மிச்சம்.

எல்லாரும் அடித்துப் பேசினார்களே தவிர, ஒரே கேள்வியை மூன்றிலும் தட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதனால் நாங்களே பார்ப்பது என்று இறங்கியிருக்கிறோம். மூன்று தேடுபொறிகள். முதல் ஐந்து முடிவுகளைச் சின்னம், நிறம் எதுவும் தெரியாமல் வெள்ளைத் தாளில் அச்சடித்து, அ, ஆ, இ என்று மட்டும் பெயர் போட்டுக் கொடுக்கிறோம். மண்டபத்துக்கு வருகிறவர்களே மதிப்பெண் போடுகிறார்கள். கேட்டது அப்படியே கிடைத்தால் 3, ஓரளவு உதவினால் 2, தொட்டும் தொடாமலும் இருந்தால் 1, வேலைக்காகாது என்றால் 0.

முதல் தாளிலேயே ரகளை. கேள்வி: "இபிஎஃப் பணம் எடுப்பது எப்படி". தமிழிலேயே தட்டியது. இபிஎஃப் என்றால் ஊழியர் சேமநிதி, நம்ம நாட்டிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. அ கொடுத்த முதல் நான்கும் இந்தியா. யூஏஎன் எண்ணைத் திறந்துகொள், ஆதாரை இணை, படிவம் 19-ஐ நிரப்பு. ஐந்தாவதாகத்தான் நம்ம ஊர்ச் செய்தி ஒன்று எட்டிப் பார்த்தது. ஆ முதலிலேயே 2024 மே மாதம் வந்த மூன்றாம் கணக்கைப் பற்றிய மலேசியத் தமிழ்ச் செய்தியைக் கொடுத்தது. அடுத்தது ஓர் இந்தியக் காணொளி, அதற்கடுத்து நம்ம இபிஎஃப் வாரியமான கேடபிள்யூஎஸ்பியின் மலாய்ப் பக்கம். இ முழுக்கக் காணொளிகள், அவற்றில் பாதி எந்த நாட்டுக்கு என்றே தலைப்பில் தெரியாது.

எந்த எழுத்து எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நாலாவது பதிலிலேயே இழை கட்சி பிரிந்துவிடும். முறையில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

---

அஞ்சடி | ஜார்ஜ்டவுன், பினாங்கு | திங்கள், காலை 9.40

தம்பி, பென்ஷன்காரர் இபிஎஃப் பணம் எடுக்கணும்னா மண்டபத்துக்கு ஏன் வர்றார்? மகளுக்கு போன் போடுவார். மகள் மலாயில தட்டுவா, ரெண்டு நிமிஷத்துல கதை முடிஞ்சுது. தமிழ்ல தேடி கவர்மெண்ட் வேலை முடிச்ச ஆளை நான் இன்னும் பார்க்கல.

அப்புறம் அந்த அ யாருன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

---

நூலகப்பூச்சி | பெட்டாலிங் ஜெயா | திங்கள், காலை 11.02

சரவணா, நீங்கள் செய்வது புது விஷயம் இல்லை, அதனால் தைரியமாகச் செய்யலாம். 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் 1,400 விமானவியல் கட்டுரைச் சுருக்கங்களையும் 225 கேள்விகளையும் வைத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை பொருந்தும் என்று ஆள் வைத்து மதிப்பிட்டார். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1992-இல் தொடங்கிய டிரெக் என்ற தேடல் ஆய்வரங்கமும் அந்த வழிதான். இன்று கூகுள் தன் மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுக்கும் தடித்த வழிகாட்டிக்கும் அடிப்படை இதுவே: கேள்வி ஒன்று, பக்கம் ஒன்று, இது அவர் தேவையைத் தீர்க்குமா என்று ஒரு மனிதரின் தீர்ப்பு.

பெயரை மறைத்தது மிகச் சரி. 2007-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. எல்லாருக்கும் ஒரே முடிவுகள், மேலே ஒட்டிய சின்னம் மட்டும் வேறு வேறு. மதிப்பெண் சின்னத்துக்கு ஏற்ப மாறியது.

என் கவலை வேறு. கேள்விகளை யார் எழுதினார்கள்? 2012-இல் மைக்ரோசாஃப்ட் "பிங் இட் ஆன்" என்று ஒரு பெயர் மறைத்த ஒப்பீட்டை விளம்பரமாகவே நடத்தி, மக்கள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிங்கை விரும்புகிறார்கள் என்றது. மறு ஆண்டு யேல் சட்டப் பேராசிரியர் இயன் ஏர்ஸ் அதே தளத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தேடவைத்தார். 53 விழுக்காட்டினர் கூகுள், 41 விழுக்காட்டினர் பிங். இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: தளம் எடுத்துக் கொடுத்த கேள்விகளைத் தட்டியவர்களிடம் பிங்குக்கு நல்ல பெயர், சொந்தமாகக் கேள்வி யோசித்தவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. கேள்வித் தாளை எழுதுகிறவர் கையில்தான் பாதித் தீர்ப்பு இருக்கிறது. செயற்குழு உட்கார்ந்து கேள்வி எழுதினால் செயற்குழுவுக்குப் பிடித்த தேடுபொறிதான் ஜெயிக்கும்.

---

விபிஎன்_வேலன் | கோலாலம்பூர் | திங்கள், பகல் 1.15

சரவணா அண்ணே, முதல்ல உங்க மூணும் உண்மையிலேயே மூணுதானான்னு பாருங்க. வெளியில கடை பல, உள்ள கிடங்கு ரெண்டு மூணுதான்.

யாஹூ தன் தேடலை மைக்ரோசாஃப்ட் கிட்ட ஒப்படைக்கிறதா 2009-லயே கையெழுத்துப் போட்டாச்சு. டக்டக்கோவோட வழக்கமான இணைப்புகள்ல பெரும்பகுதி பிங் கிட்ட இருந்து வருது. ஸ்டார்ட்பேஜ் கூகுள் முடிவுகளை வாங்கி, உங்க அடையாளத்தை எடுத்துட்டுக் கொடுக்குது. பிரேவ் 2021-ல தேடல் ஆரம்பிச்சு, 2023-ல பிங்கை முழுசா விட்டுட்டு சொந்தக் கிடங்குல நிக்குது. மோஜீக்னு பிரிட்டன்ல ஒண்ணு, அதுவும் தானே இணையப் பக்கங்கள்ல ஊர்ந்து சேகரிக்குது. 2025 ஆகஸ்ட் 11-ல மைக்ரோசாஃப்ட் பொதுவா வித்துக்கிட்டிருந்த பிங் தேடல் ஏபிஐ-யை, அதாவது மத்த தளங்க பிங் முடிவுகளை வாங்கற வழியை, மூடிடுச்சு, அதோட பல குட்டிக் கடைக்கு சரக்கு நின்னு போச்சு.

அதனால பிங்கையும் டக்டக்கோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எதுல பொருத்தம் அதிகம்னு கேட்டா, ஒரே சோற்றை ரெண்டு தட்டுல போட்டு ருசி கேக்கற மாதிரி.

பழைய சண்டை ஒண்ணு ஞாபகம் வருது. 2010 கடைசியில கூகுள் ஆளுங்க எழுத்துக் கூட்டவே முடியாத அர்த்தமில்லாத சொற்கள் நூறு போல உருவாக்கி, ஒவ்வொண்ணுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு பக்கத்தை முதல் முடிவா கையால ஒட்டி வெச்சாங்க. சில வாரத்துல அதுல ஏழெட்டு பிங்லயும் அதே மாதிரி வந்துச்சு. 2011 பிப்ரவரியில "காப்பி அடிக்கிறான்"னு கூகுள் கத்திச்சு. "எங்க பயனர்கள் எதை அழுத்துறாங்கங்கறது ஆயிரம் குறிப்புல ஒண்ணு, அவ்வளவுதான்"னு மைக்ரோசாஃப்ட் சொல்லிச்சு. யார் சரின்னு எனக்கு இன்னிக்கும் தீர்ப்பு இல்ல. ஆனா மக்கள் அழுத்துறதை வெச்சே தேடுபொறி கத்துக்குதுன்னா, மலேசியாவுல தமிழ்ல தேடி அழுத்துறவங்க எத்தனை பேர்? அதுக்கு யார் கத்துக் கொடுப்பாங்க?

---

செந்தூல்_சரவணா | திங்கள், மாலை 6.30

வேலன், மூன்றில் இரண்டு ஒரே கிடங்கு என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறோம். டக்டக்கோ வேண்டும் என்ற கட்சிக்குப் பதில் சொல்லவேண்டுமே. ஒரே கிடங்காக இருந்தும் அந்த இரண்டின் தாள்களும் ஒரே மாதிரி இல்லை. ஊர் தெரியாமல் கேட்பதும் ஊர் தெரிந்து கேட்பதும் வேறு வேறு வரிசையைக் கொடுக்கின்றன.

பூச்சி ஐயா சொன்னது குழுவில் படிக்கப்பட்டது. செயற்குழு எழுதிய கேள்விகளைத் தூக்கிவிட்டோம். இனி வாசலில் ஒரு டப்பா. வருகிறவர்கள் உண்மையிலேயே தேடவேண்டியதை எப்படித் தட்டுவார்களோ அப்படியே துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவதில்லை.

அஞ்சடி ஐயா, எல்லாருக்கும் மகள் பக்கத்தில் இல்லை.

---

ஆறாம்_ஆண்டு_டீச்சர் | பட்டர்வொர்த் | திங்கள், இரவு 8.55

பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு சிக்கல். "தமிழ் கட்டுரை மாதிரி" என்று தேடினால் யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வுக் காலத்துத் தாள்கள் கொட்டுகின்றன. யூபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு அது என்னவென்றே தெரியாது. பத்து ஆண்டுகளாக ஆசிரியர்கள் ஏற்றியவை, ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்தவை, அதனால் மேலேயே நிற்கின்றன. புதிய வடிவத்துக்கு ஏற்றவை டெலிகிராம் குழுக்களில் சுற்றுகின்றன, தேடுபொறி கண்ணில் படுவதில்லை.

இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது? தேர்வு வடிவம் தேடிய பிள்ளைக்கு 0. "என் பாட்டி" என்று ஒரு பக்கம் எழுதவேண்டிய பிள்ளைக்கு அதே தாள் 3, கட்டுரை கட்டுரைதானே. தாளைப் பார்த்து மதிப்பெண் போட முடியவில்லை. பிள்ளையைப் பார்த்துத்தான் போட முடிகிறது.

---

பழையகிராணி | செந்தூல் | செவ்வாய், காலை 7.20

மதிப்பெண் போட்டவர்களில் நானும் ஒருவன். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவன், வாழ்நாள் முழுக்கப் படிவம் நிரப்பியவன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "முதியோர் உதவித்தொகை" என்ற கேள்விக்கு அவர் 3 போட்ட பக்கத்துக்கு நான் 0 போட்டேன். நல்ல தமிழில் விரிவாக எழுதியிருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தமிழ்நாட்டுத் திட்டம். வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறது. செந்தூலிலிருந்து எந்தப் பஸ்ஸில் ஏறி வட்டாட்சியரைப் பார்ப்பது?

"தலைப்புக்குப் பொருந்துகிறதே" என்றார் அவர். பொருந்துகிறது. எனக்குப் பொருந்தவில்லை.

---

அஞ்சடி | ஜார்ஜ்டவுன், பினாங்கு | செவ்வாய், காலை 7.48

கிராணி ஐயா, வட்டாட்சியரைப் பார்க்க கப்பல் ஏறணும். மெட்ராஸ் போன ரஜுலா கப்பல் நின்னு ரொம்ப நாளாச்சு.

---

பாயான்_குரு | பாயான் லெப்பாஸ், பினாங்கு | செவ்வாய், காலை 10.10

கணக்குப் பக்கம் யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். சரவணா, ஐந்து மதிப்பெண்களையும் கூட்டி எது அதிகம் என்று பார்க்கிறீர்கள் என்றால் அது தவறான விடைக்கு இட்டுச்செல்லும்.

முதல் மூன்று இடங்களை மட்டும் எடுப்போம். ஒரு தேடுபொறி 0, 3, 3 வாங்குகிறது. மற்றது 3, 0, 2. கூட்டினால் முதலாவதுக்கு 6, இரண்டாவதுக்கு 5. முதலாவது ஜெயித்துவிட்டது. ஆனால் அதன் உச்சியில் நிற்பது குப்பை. மக்கள் மேலே இருப்பதைத்தான் முதலில் அழுத்துவார்கள். இதற்காகவே 2002-இல் ஃபின்லாந்தின் யார்வலினும் கெக்கலாய்னனும் இடத்துக்கு ஏற்ப மதிப்பெண்ணைத் தேய்க்கும் கணக்கை எழுதிவைத்தார்கள். அதன் இப்போதைய வழக்கமான வடிவில் முதல் இடத்துக்கு முழு மதிப்பு, இரண்டாம் இடத்துக்கு 0.63, மூன்றாவதுக்கு 0.5, நான்காவதுக்கு 0.43, ஐந்தாவதுக்கு 0.39. அப்படிப் பார்த்தால் முதலாவது 1.89 + 1.5 = 3.39. இரண்டாவது 3 + 0 + 1 = 4. முடிவு தலைகீழ்.

தாளில் போடும் மதிப்பெண்ணே வேண்டாம் என்றால் இன்னொரு வழி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தோர்ஸ்டன் யோவாக்கிம்ஸ் சொன்னது. இரண்டு தேடுபொறிகளின் முடிவுகளையும் ஒன்றுவிட்டு ஒன்று கலந்து ஒரே பட்டியலாகக் கொடுப்பது, எதை அழுத்துகிறார்கள் என்று எண்ணுவது. யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டியதில்லை.

---

செந்தூல்_சரவணா | செவ்வாய், பகல் 12.40

தேய்மானக் கணக்கை எடுத்துக்கொள்கிறோம், நன்றி குரு. கலந்து கொடுப்பது எங்களுக்குச் சரிப்படாது. எங்கள் ஆட்கள் பிடித்ததை அழுத்துவதில்லை, மேலே இருப்பதை அழுத்துகிறார்கள். முதல் முடிவு பிடிக்கவில்லை என்றால் இரண்டாவதைப் பார்ப்பதில்லை. "கிடைக்கல" என்று எழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு முதல் இடம் ஒன்றுதான் தேடுபொறி.

---

நூலகப்பூச்சி | செவ்வாய், பகல் 2.05

கிராணி ஐயாவுக்கும் தமிழாசிரியருக்கும் வந்த வேறுபாடு கண்டு யாரும் பயப்படவேண்டாம். மதிப்பீட்டாளர்கள் ஒத்துப்போகமாட்டார்கள் என்பது டிரெக்கில் எப்போதோ தெரிந்த விஷயம். அந்த அரங்கின் ஆய்வாளர் எலன் வூர்ஹீஸ் அதை அளந்து பார்த்தார். தனித்தனிப் பக்கங்கள் மீது தீர்ப்புகள் கணிசமாக மாறின. ஆனால் எந்தத் தேடுமுறை மேல், எது கீழ் என்ற வரிசை பெரும்பாலும் மாறவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் எல்லாத் தேடுபொறிக்கும் அதே ஆள்கள்தானே மதிப்பெண் போடுகிறார்கள்.

இந்த ஆறுதல் உங்களுக்கு ஓரளவுக்குத்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது. அங்கே ஒருவருக்கொருவர் இருந்தது நூலிழை வேறுபாடு. உங்களுக்கு இருப்பது ஒரு நாட்டு வேறுபாடு. தமிழாசிரியர் போன்றவர்கள் பாதிப் பேர் இருந்தால் இந்தியப் பக்கங்களைக் கொட்டும் தேடுபொறி ஜெயிக்கும். டீச்சர் சொன்னதுபோல், சீட்டை எழுதிய ஆளே அந்தச் சீட்டுக்கு மதிப்பெண் போடட்டும். வேறு யாரும் வேண்டாம்.

---

விபிஎன்_வேலன் | செவ்வாய், இரவு 9.30

நாடுதான் இங்க ஆட்டமே. நேத்து ராத்திரி "வருமான வரி தாக்கல் கடைசி தேதி"ன்னு தட்டிப் பார்த்தேன். சுத்தமான தமிழ். முதல் பக்கம் பூரா ஜூலை 31. அது இந்தியாவோட வழக்கமான தேதி. நம்ம சம்பளக்காரங்களுக்கு பிஇங்கற வரிப் படிவம் ஏப்ரல் 30, இணையத்துல போட்டா மே 15 வரைக்கும் விடுவாங்க. நம்ம ஆள் ஒருத்தர் இந்த முடிவை நம்பி ஜூலைல நம்ம வரி வாரியம் எல்எச்டிஎன் பக்கம் போனா அபராதத்தோட வரவேற்பாங்க.

பக்கத்துல தப்பு இல்ல. எழுதினவருக்கு அது சரி. தேடுபொறிதான் மொழியைப் பார்த்ததும் நாட்டை முடிவு பண்ணிடுது. தமிழா, அப்ப சென்னை. இத்தனைக்கும் 2017-லேர்ந்தே கூகுள் எந்த நாட்டு முகவரியில தேடினாலும் ஆள் நிக்கிற இடத்தை வெச்சுத்தான் முடிவு கொடுக்குதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. 2025-ல நாட்டு முகவரிகளையே பொது முகவரிக்குத் திருப்ப ஆரம்பிச்சாச்சு. இடம் தெரியும். ஆனா அந்த இடத்துல தமிழ்ப் பக்கம் கொஞ்சம்தான் இருக்கு, இந்தியாவுல மலையா இருக்கு. மலை ஜெயிக்குது.

இதே கேள்வியை மலாயில தட்டினா எல்லாத் தேடுபொறியும் நல்ல பிள்ளை.

---

அஞ்சடி | ஜார்ஜ்டவுன், பினாங்கு | செவ்வாய், இரவு 9.41

இதைத்தான் நான் நேத்துக் காலையில ரெண்டு வரியில சொன்னேன்.

---

முரசு_காலத்தவன் | கோலாலம்பூர் | செவ்வாய், இரவு 11.20

இந்த மலை எப்படி உண்டானது என்பதையும் பார்க்கவேண்டும். நம்மிடம் எழுத்து இல்லாமல் இல்லை. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816-இல். தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வந்தது. இவ்வளவு எழுத்தில் தேடுபொறிக்குக் கண் தெரிகிற அளவு எத்தனை? நாளிதழ்ப் பக்கங்கள் படங்களாக நிற்கின்றன. படத்துக்குள் இருக்கும் தமிழை எடுக்கும் வசதி இப்போது வந்திருக்கிறது என்றாலும், பழைய அச்சு, உடைந்த எழுத்து என்றால் தடுமாறுகிறது.

2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது நாங்கள் போட்ட சண்டையெல்லாம் எழுத்துக் குறியீட்டைப் பற்றி, அதாவது தமிழைக் கணினியில் பதியும் முறையைப் பற்றி. டிஸ்கியா, டாமா, யூனிகோடா? அப்போது தொடங்கிய சங்கத் தளங்களில் பல யூனிகோடுக்கு மாறவே இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அவை லத்தீன் குப்பை. எழுத்துரு மாற்றி போட்டுக்கொண்டு நாம் படிக்கலாம், தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது.

அதனால் உங்கள் ஒப்பீட்டில் ஒரு தேடுபொறி நல்ல மலேசியப் பக்கத்தைக் கொண்டுவரவில்லை என்றால், அதற்குத் தேடத் தெரியவில்லையா, அப்படி ஒரு பக்கமே இல்லையா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். மூன்றுமே 0 வாங்கிய கேள்விகளைத் தனியாக எடுத்துவையுங்கள். அவற்றுக்கு நாம்தான் எழுதவேண்டும், எந்தத் தேடுபொறியை மாற்றியும் பயனில்லை.

---

செந்தூல்_சரவணா | புதன், காலை 8.05

அப்படிப்பட்ட கேள்விகள் நிறைய. "சொக்சோ விபத்துப் பணம்" (சொக்சோ தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), "தோட்ட வீடு பெயர் மாற்றம்", "பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் பிழை". மூன்றும் 0. சீட்டு எழுதியவர்கள் தாளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறப்புப் பத்திரக் கேள்விக்கு ஒன்று ஜோதிடப் பக்கத்தைக் கொடுத்திருந்தது.

இன்னொன்று கவனித்தோம். தேடுபொறியின் அமைப்புகளில் வட்டாரத்தை மலேசியா என்று கையால் மாற்றிவிட்டு அதே சீட்டுகளை மறுபடி ஓட்டினோம். ஒரு தேடுபொறியில் மட்டும் வரிசை சட்டென்று மாறி, கேடபிள்யூஎஸ்பி, ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) பக்கங்கள் மேலே ஏறின. இன்னொன்றில் அசைவே இல்லை. மூன்றாவதில் தமிழ்ப் பக்கங்களே காணாமல் போய் ஆங்கிலம் வந்துவிட்டது. டீச்சருக்கு அது வசதி, கிராணி ஐயாவுக்கு அல்ல.

கேள்வியின் கடைசியில் "மலேசியா" என்று சேர்த்தால் மூன்றும் நெருங்கி வருகின்றன. எது சிறந்தது என்ற கேள்விக்கே அவ்வளவு மரியாதை இல்லாமல் போய்விடுகிறது.

---

ஆறாம்_ஆண்டு_டீச்சர் | புதன், பகல் 1.30

பிள்ளைகள் தமிழ் எழுத்தில் தட்டுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள். "பாட்டி"க்கு ஒருவன் ஒரு டி போடுவான், ஒருத்தி இரண்டு போடுவாள், நடுவில் எச் போடுகிறவனும் உண்டு. அந்த வகைத் தேடலில் உங்கள் அ, ஆ, இ மூன்றுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும் என்பது என் அனுமானம்.

---

பாயான்_குரு | புதன், பகல் 1.52

டீச்சர், அது தனி ஆய்வுத் துறையே. இந்தியாவில் 2008-இல் தொடங்கிய ஃபயர் என்ற தகவல் மீட்பு ஆய்வரங்கம் 2013 முதல் வேற்றெழுத்தில் தட்டிய தேடலுக்கென்று போட்டிப் பணி வைத்தது. தமிழ் எழுத்தில் தட்டினாலும் சிக்கல் குறைவதில்லை. பினாங்கு, பினாங்கில், பினாங்கிலிருந்து, பினாங்குக்காரர் எல்லாம் ஒரே ஊர் என்று பொறிக்குத் தெரியவேண்டும். நம்மில் பாதிப் பேர் பினாங் என்றே எழுதுகிறோம். கூகுள் பெர்ட் என்ற மொழி மாதிரியை 2019 கடைசியில் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தபோது தமிழும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு வேற்றுமை உருபு ஒட்டிய சொற்களில் எல்லாமே முன்னைவிடப் பரவாயில்லை என்பது என் அனுபவம். ஊர்ப் பெயர்களில் இன்னும் இழுக்கிறது.

---

அஞ்சடி | ஜார்ஜ்டவுன், பினாங்கு | புதன், மாலை 5.10

எல்லாரும் படிச்சவங்களா பேசறீங்க, நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கறேன். முன்ன தேடினா உருப்படியா வந்துச்சு. இப்ப எதைத் தேடினாலும் விளம்பரம், "சிறந்த பத்து", அதுக்குள்ள வாங்கு வாங்குன்னு இணைப்பு. இது எனக்கு மட்டும் வயசாயிடுச்சா, இல்ல நிஜமாவே கெட்டுப்போச்சா?

---

நூலகப்பூச்சி | புதன், மாலை 6.25

உங்களுக்கு வயதாகவில்லை, ஐயா. ஜெர்மனியின் லைப்சிக், வைமார் ஆய்வாளர்கள் 7,392 பொருள் மதிப்புரைக் கேள்விகளை எடுத்துக்கொண்டு கூகுள், பிங், டக்டக்கோ மூன்றையும் ஓராண்டு தொடர்ந்து கண்காணித்து 2024-இல் வெளியிட்டார்கள். மேலே வரும் பக்கங்கள் தேடுபொறிக்காகவே அலங்கரிக்கப்பட்டவை, வாங்கினால் கமிஷன் தரும் தரகு இணைப்பு நிறைந்தவை, எழுத்துத் தரத்தில் கீழானவை என்ற போக்கு மூன்றிலும் தெரிந்தது. தேடுபொறி ஒருமுறை களையெடுத்தால் கொஞ்ச நாள் தேறும், பிறகு பழையபடி. அது ஆங்கிலக் கேள்விகளை மட்டும் பார்த்த ஆய்வு.

தமிழில் நமக்குத் தரகுத் தொல்லை குறைவு என்பேன், நம்மிடம் விற்க அவ்வளவு ஆள் இல்லை. பதிலுக்கு ஒரே செய்தியை இருபது தளம் வரி மாற்றிப் போடுவது இருக்கிறது.

---

விபிஎன்_வேலன் | புதன், இரவு 10.15

உச்சியில வர்ற ஏஐ சுருக்கத்துக்கு மதிப்பெண் உண்டா? அதை விட்டுட்டு இணைப்பை மட்டும் ஒப்பிட்டா, யாரும் பார்க்காத இடத்தை ஒப்பிடற மாதிரி ஆயிடும். எங்கம்மா அதுக்குக் கீழ இறங்கறதே இல்ல.

---

பழையகிராணி | செந்தூல் | வியாழன், காலை 6.50

தம்பி வேலன் கேட்டதற்கு நான் சொல்கிறேன், நேற்று அதைத்தான் பார்த்தோம். இபிஎஃப் கேள்விக்கு ஒரு தேடுபொறி அப்படி ஒரு சுருக்கம் கொடுத்தது. முதல் வாக்கியம் நம் நாட்டுச் சந்தா மூன்று கணக்காகப் பிரியும் விதம்: ஓய்வு 75 விழுக்காடு, செஜாத்ரா 15, ஃபிளெக்சிபல் 10. எல்லாம் சரி. மூன்றாவது வாக்கியத்தில் ஆதார் எண்ணைக் கொண்டுவா என்கிறது. தனித்தனிப் பக்கமாக இருந்தால் மேலே நாட்டுக் கொடி, தளத்தின் பெயர் பார்த்து நான் ஒதுக்கிவிடுவேன். இதில் இரண்டு நாட்டையும் ஒரே பத்தியில் குழைத்துவிட்டது. எங்கே தையல் என்று தெரியவில்லை.

நான் 0 போட்டேன். தமிழாசிரியரும் இந்த முறை 0 போட்டார்.

---

செந்தூல்_சரவணா | வியாழன், காலை 9.30

சுருக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு, தனிப் பத்தியில். அதில் ஒரு வாக்கியம் வேறு நாட்டுடையது என்றாலும் மொத்தமும் 0 என்று கிராணி ஐயா முன்மொழிந்ததைக் குழு ஏற்றுக்கொண்டது. பாதிச் சரி என்று 2 போட இடமில்லை. பணம், பத்திரம், மருந்து மூன்றிலும் பாதிச் சரி ஆபத்து.

இடைக்கால முடிவு: தேய்மானக் கணக்கில், வட்டாரத்தை மாற்றாமல் பார்த்தால் ஆ முன்னால். வட்டாரத்தை மலேசியா என்று வைத்தால் இ முன்னேறி ஆ-வைத் தொடுகிறது. அ தமிழ் இலக்கியம், சமையல், கோயில் சம்பந்தப்பட்ட சீட்டுகளில் மற்ற இரண்டையும் தூக்கி அடிக்கிறது, அரசாங்க வேலையில் சறுக்குகிறது. பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு ரதம் எத்தனை மணிக்குப் புறப்படும் என்ற சீட்டில் மூன்றும் பழைய ஆண்டு நேரத்தைக் கொடுத்தன.

காலையில் பென்ஷன்காரர்கள் உட்காரும் கணினிகளில் ஒன்றும் பிள்ளைகள் கணினிகளில் வேறொன்றும் போடலாமா என்று யோசிக்கிறோம். செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

---

அஞ்சடி | ஜார்ஜ்டவுன், பினாங்கு | வியாழன், காலை 9.44

ரதம் எத்தனை மணிக்குன்னு தேடுபொறியைக் கேட்டா எப்படி? என்னைக் கேளு.

சரி, இப்பவாவது அ யாருன்னு சொல்லு லா.

---

நெறியாளர் | வியாழன், காலை 10.00

அ, ஆ, இ யார் என்று ஊகித்து எழுதிய பதில்கள் நீக்கப்பட்டன. ஒப்பீடு முடியும்வரை பொறுக்கவும். அஞ்சடி ஐயா, உங்களுடையதையும் சேர்த்துத்தான்.

---

ஆறாம்_ஆண்டு_டீச்சர் | வியாழன், பகல் 2.20

சனிக்கிழமை கேஎல் வருகிறேன். பிள்ளைகளிடம் சீட்டு எழுதி வாங்கியிருக்கிறேன், தமிழ் எழுத்தில் ஒரு கட்டு, ஆங்கில எழுத்தில் ஒரு கட்டு. பெயர் எழுதவேண்டாம் என்று சொல்லியும் பாதிப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதை வெட்டி எடுத்துவிட்டேன். மதிப்பெண் போடப் பிள்ளைகள் வரமுடியாது. அச்சடித்த தாளை அனுப்பினால் வகுப்பில் வைத்துப் போடச் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள்: எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சடியுங்கள், போன முறை அனுப்பியதைப் படிக்க எனக்கே கண்ணாடி தேவைப்பட்டது.